வாசகர் கேள்வி – பதில்: பன்றி ஒருவருக்கு, கொட்டகை இன்னொருவருக்கு

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சூ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், கொரோனா ஆண்டில் அங்கே மக்காச்சோளம் பயிரிட்டவர்களுக்கு அரசு உதவித்தொகை வந்ததாகவும், கொட்டகை நிறையப் பன்றி வளர்த்த அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை என்றும் சொன்னான். இது என்ன நியாயம்?
– கறிக்கோழி வளர்ப்பாளர், பல்லடம்.

பதில்: உங்கள் தொழிலை வைத்தே இதற்கு விடை சொல்லிவிடலாம். குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் உங்களுடையவை. உங்கள் கைக்கு வருவது வளர்ப்புக் கூலி. அயோவாவில் பன்றிகள் மிகுந்த கவுண்டியான சூவிலும் பலர் இதே முறையில்தான் பன்றி வளர்க்கிறார்கள். அண்டை வீட்டுக்காரரும் அப்படிப்பட்ட ஒப்பந்த வளர்ப்பாளராகவே இருக்க வேண்டும்.

2020 ஏப்ரல் 17 அன்று அறிவிக்கப்பட்ட ‘கொரோனா உணவு உதவித் திட்டம்’ உழவர்களுக்கு நேரடியாக வழங்க 1,600 கோடி டாலரை ஒதுக்கியது. சனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் விலை 5 விழுக்காடோ அதற்கு மேலோ சரிந்த விளைபொருள்களையே அது முதன்மையாகக் கணக்கில் எடுத்தது என்பதால், விலை சரிந்தால் நட்டம் யார் தலையில் விழுமோ அவருக்கே பணம் என்பது விதியாயிற்று. மக்காச்சோளம் வைத்திருந்தவருக்கு, 2019 விளைச்சலில் பாதி அல்லது 2020 சனவரி 15 அன்று விலை பேசி முடிக்காமல் கையிருப்பில் இருந்தது, இவற்றில் எது குறைவோ அதற்குப் புஷலுக்கு (மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 25 கிலோ) சராசரியாக 33.5 சென்ட் கிடைத்தது. ஏப்ரல் 16 முதல் மே 14 வரை இருப்பில் இருந்த பன்றிகளுக்குத் தலைக்கு 17 டாலர் என்று வகுத்திருந்தார்கள். ஆனால் அது பன்றியின் உரிமையாளருக்குப் போயிற்று, கொட்டகைக்காரருக்கு அல்ல.

விதியின் தர்க்கம் புரிகிறது, நியாயம்தான் புரியவில்லை. அந்தக் கவுண்டியை ஒட்டிய தெற்கு டகோட்டாவில், நாளொன்றுக்கு 19,000 பன்றிகளுக்கு மேல் அறுக்கக்கூடிய சூ ஃபால்ஸ் நகர இறைச்சி ஆலை, தொழிலாளரிடையே தொற்று பரவியதால் அந்த ஏப்ரலிலேயே மூடப்பட்டது. ஆலை மூடினால் வளர்ந்த பன்றி கொட்டகையிலேயே நிற்கும், அடுத்த தொகுதி வந்து இறங்காது. உருப்படிக்கோ எடைக்கோ கூலி வாங்குபவருக்கு இது சந்தை விலையின் சரிவு அல்ல, வருமானமே நின்றுபோவது. விலையை மட்டும் அளந்த திட்டத்தின் கண்ணில் அந்த நட்டம் படவில்லை. செப்டம்பரில் அறிவித்த இரண்டாம் சுற்றிலும், 1,400 கோடி டாலர் வரை ஒதுக்கியும், ஒப்பந்த வளர்ப்பாளருக்கு இடமில்லை.

2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டம்தான் கதவைத் திறந்தது. அதற்குப் பின்பும் விதிமுறைகள் வெளிவர 2021 ஆகஸ்ட் ஆயிற்று. முந்தைய ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டு, இழந்ததில் 80 விழுக்காடு வரை தரலாம் என்று ஒப்பந்த வளர்ப்பாளருக்கு 100 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். விண்ணப்பிக்க அக்டோபர் 12 கடைசி நாள். உங்கள் அண்ணன் மகன் சொன்னது 2020-க்குச் சரி. அடுத்த ஆண்டு அந்த அண்டை வீட்டுக்காரர் விண்ணப்பித்தாரா என்பதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு பணத்தையும் உழவர் சொன்ன கணக்கை நம்பியா கொடுத்தார்கள்?
– வாசகி, திண்டுக்கல்.

பதில்: பெரும்பாலும் ஆம். கவுண்டி மக்களுக்குச் சேவை செய்யும், வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை அலுவலகங்கள் தொற்றுக்காலத்தில் நேரில் வருவோரை அனுமதிக்காமல், தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் விண்ணப்பம் வாங்கின. இருப்பையும் விற்பனையையும் உழவரே உறுதிமொழியாக எழுதித் தந்தால் போதும். ஆவணங்களைப் பிறகு சிலரிடம் மட்டும் கேட்டுச் சரிபார்த்தார்கள். தனிநபருக்கு 2,50,000 டாலர் என்று முதற்சுற்றில் உச்சவரம்பு இருந்தது; உழைப்பிலோ நிர்வாகத்திலோ பங்கெடுக்கும் மூன்று உறுப்பினர் இருந்தால் ஒரு நிறுவனம் 7,50,000 வரை பெறலாம். அறுவடைக்கு முன் பணம் சேர வேண்டும் என்ற அவசரத்தில் இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அரசின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022-இல், வழங்கிய தொகைகளை இன்னும் கடுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்று வேளாண் துறைக்குப் பரிந்துரைத்தது.