களையை ஒழிக்க ஆடுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அரை ஏக்கர் நிலத்தில் புல்லும் முட்புதரும் மண்டிக் கிடக்கின்றன. வெள்ளாடு வாங்குவதா, செம்மறியாடு வாங்குவதா?

பதில்: எது அதிகமாக மண்டியிருக்கிறது என்பதை நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். வெள்ளாடு தழை கடிக்கும் பிராணி. முன்னங்கால்களைக் கிளையின்மீது ஊன்றி எழுந்து நின்று, முட்களுக்கிடையே உதட்டை நுழைத்து இலையை மட்டும் உருவித் தின்னும். செம்மறியோ தலையைக் குனிந்தபடி தரையோடு புல்லையும் அகன்ற இலைக் களைகளையும் மேயும். உங்களைப் போல இரண்டும் கலந்து கிடக்கும் நிலத்திற்கு இரண்டையும் சேர்த்தே வளர்க்கலாம். ஆனால் எதையும் ஒற்றையாக வாங்க வேண்டாம். துணையில்லாத ஆடு கத்திக்கொண்டும் வேலியை முட்டிக்கொண்டும் இருக்குமே தவிர, மேயாது.

கேள்வி: இரண்டு மாதங்களாக நான்கு ஆடுகள் மேய்கின்றன. ஆயினும் களை குறையவில்லையே, ஏன்?

பதில்: நிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி விட்டால் ஆடு தனக்குப் பிடித்ததைத் தேடித் தேடித் தின்றுவிட்டு, நீங்கள் ஒழிக்க நினைத்த செடியை விதை முற்றும் வரை விட்டுவைக்கும். 40 கிலோ எடையுள்ள ஓர் ஆடு நாளொன்றுக்குத் தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் வரை உலர்தீவனம் உண்ணும்; பசுந்தழையாகக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ. இந்த அளவை மனத்தில் வைத்து, மூன்று நான்கு நாட்களில் தின்று தீர்க்கக்கூடிய சிறு பகுதியைத் தற்காலிக வேலியால் அடைத்து, அங்கே மேயவிட்ட பின் அடுத்த பகுதிக்கு மாற்றுங்கள். செடி பூப்பதற்கு முன் மேய்வது முக்கியம்; ஏனெனில் விழுங்கிய விதைகளில் ஒரு பங்கு செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து வேறிடத்தில் முளைத்துவிடும். வேரில் சேமிப்புள்ள பல்லாண்டுக் களை ஒருமுறை கடித்ததால் சாகாது. துளிர்க்கும்போதெல்லாம் மீண்டும் கடிபட்டால்தான் அந்தச் சேமிப்பு தீரும். அதற்கு இரண்டு, மூன்று பருவங்கள்கூட ஆகலாம்.

கேள்வி: இளம் பழமரங்களை ஆடுகள் விட்டுவைக்குமா?

பதில்: வெள்ளாடு விட்டுவைக்காது. இலையை மட்டுமல்ல, பட்டையையும் உரித்துவிடும். தண்டைச் சுற்றிப் பட்டை போன மரம் பிழைப்பதில்லை. மரத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு அமைத்த பிறகே ஆட்டை உள்ளே விடுங்கள்.

கேள்வி: நச்சுச் செடிகளை ஆடு தானாகவே ஒதுக்கிவிடும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று செடிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் ஆட்டை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். எனினும் பசியோடு புது நிலத்திற்கு வரும் ஆட்டிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. அரளி சிறிதளவே உயிரைப் பறிக்கும், காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. உண்ணிச்செடி கல்லீரலைக் கெடுத்து, வெயில் படும் தோலைப் புண்ணாக்கும். ஆகவே ஆட்டை விடும் முன் இவற்றைக் களைந்துவிடுங்கள். கழித்த அரளிக் கிளைகளை வேலி ஓரத்தில் போடாதீர்கள். முதல் சில நாட்கள் காய்ந்த புல் கொடுத்த பிறகு மேயவிடுவது நஞ்சிலிருந்தும் வயிற்று உப்புசத்திலிருந்தும் காக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் ஆடுகள் மெலிகின்றன, தாடைக்கடியில் வீக்கமும் தெரிகிறது.

பதில்: நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுக்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்: செந்நிறமாக இருந்தால் நல்லது, வெளிறி வெண்மையாக இருந்தால் இரத்தசோகை முற்றிவிட்டது, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இப்புழுவின் முட்டைகள் ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் இளம்புழுக்களாகி, பெரும்பாலும் புல்லின் அடி 5 செ.மீ. உயரத்திற்குள்ளேயே இருக்கும். எனவே புல்லை ஒட்ட மேயவிடாமல், நான்கைந்து நாட்களில் இடம் மாற்றுங்கள். எல்லா ஆடுகளுக்கும் ஒரே மருந்தை அடிக்கடி கொடுப்பதை நான் ஏற்பதில்லை. மருந்துக்கு அசையாத புழுக்களை நாமே வளர்த்துவிடுகிறோம்.

கேள்வி: இரண்டு வகை ஆடுகளுக்கும் ஒரே தாது உப்புக் கட்டி போதுமா?

பதில்: வெள்ளாட்டுக்கானதைச் செம்மறி நக்கக் கூடாது. அதில் சேர்க்கப்படும் தாமிரம் செம்மறியின் கல்லீரலில் தேங்கி, ஒருநாள் திடீரென்று உயிருக்கே ஆபத்தாகும். சேர்த்து வளர்ப்பவர்கள் செம்மறிக்கான கட்டியைப் பொதுவில் தொங்கவிட்டு, வெள்ளாட்டுக்குரியதைத் தனியே அடைத்துக் கொடுக்க வேண்டும்.