விரல் மடங்காவிட்டால் கேம் ஆட முடியாதா?

கேள்வி: மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு என் தம்பிக்கு வலக்கை விரல்கள் மடங்குவதில்லை. பிளேஸ்டேஷன் 5 தூசி படிந்து கிடக்கிறது. அவன் மறுபடி விளையாட வழி உண்டா, அண்ணா?
— வாசகி, செந்தூல்

பதில்: தாராளமாக உண்டு, தங்கச்சி. எடுத்த எடுப்பில் காசைக் கொட்ட வேண்டாம். செட்டிங்ஸில் ஒரு பட்டனின் வேலையை வேறு பட்டனுக்கு மாற்றலாம். முதலில் அதைப் பாருங்கள்.

போதவில்லையா? 2023 டிசம்பரில் சோனி வெளியிட்ட ஆக்சஸ் கன்ட்ரோலர் இருக்கிறது. வட்டமானது, கையில் பிடிக்க வேண்டாம். மேசையில் வைத்து உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தலாம். பழைய கன்ட்ரோலரோடு சேர்த்தும் ஆடலாம். அதை இடக்கை பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக்சஸ் கன்ட்ரோலரில் வெளி சுவிட்ச் (தனியாக வைத்து அழுத்தும் பட்டன்) செருக 4 துளைகள் உண்டு. கடையில் விற்கும் சுவிட்ச் யானை விலை, நாமே செய்துகொள்ளலாம். எலெக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் புடு ஜாலான் பாசாருக்குப் போங்கள். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் மெஷின்களில் இருக்குமே, அந்தப் பெரிய பட்டன் ஒன்று, 3.5 மில்லிமீட்டர் மோனோ பிளக் (ஹெட்போன் பிளக் மாதிரி இருக்கும்) வைத்த ஒயர் ஒன்று வாங்குங்கள். ஒயரின் பிளக் இல்லாத முனையில் உள்ள இரண்டு கம்பிகளையும் பட்டனின் இரண்டு கால்களில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். எந்தக் கம்பி எந்தக் காலுக்கு என்ற கவலையே இல்லை. அழுத்தும்போது இரண்டும் தொட்டால் சரி.

அப்புறம், பட்டன் நழுவாமல் வெல்க்ரோ ஒட்டுங்கள். எந்த இடத்தில் வைத்தால் தோள் வலிக்காது என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிடுங்கள்.