தாத்தாவின் தேக்குப் படகு: இடுக்கை அடைக்கலாமா?

கேள்வி: தாத்தா வைத்திருந்த 14 அடி தேக்குத் துடுப்புப் படகு, திருவான்மியூர் வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாகக் கிடக்கிறது. வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. அடிப்பலகை இடுக்குகளில் நகம் நுழைகிறது. எம்சீல் வைத்து அடைத்து, கதவுக்கு அடிக்கிற மெலமின் அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். வீட்டு மரவேலைக்கு அவர் சொல்வது சரிதான், படகுக்கு ஆகாது.

அந்த இடுக்கு, மரம் காய்ந்து சுருங்கியதால் வந்தது. தண்ணீர் பட்டால் பலகை உப்பி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். நடுவில் கல்லாக இறுகும் எதையாவது திணித்தால் உப்ப இடமில்லாமல் பலகை விளிம்பு நசுங்கும். உள்ளே இருக்கிற குறுக்குச் சட்டமும் ஆணியும்கூட அசைந்துவிடும். பலகை இடுக்கில் அடித்திருக்கும் பழைய பஞ்சுத் திரி மக்கி உதிர்கிற இடங்களில் மட்டும் புதுத் திரி அடித்து, இறுகாமல் மெத்தென்றே இருக்கும் படகுப் பூச்சுமாவை மேலே வையுங்கள். காசிமேட்டில் படகு சாமான் விற்கிற கடைகளில் விசாரியுங்கள்.

முதலில் படகைக் கவிழ்த்து, கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் மூலை முடுக்கெல்லாம் குத்திப் பாருங்கள். கெட்டி மரம் எதிர்க்கும், உளுத்தது உள்வாங்கும். பலகை ஓரத்தில் கருப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு ஆணி துருப்பிடித்திருக்கலாம். அப்படியானால் அதை எடுத்துவிட்டுச் செம்பு அல்லது வெண்கல ஆணி போடச் சொல்லுங்கள். சாதாரணப் பித்தளை ஸ்க்ரூ உப்புத் தண்ணீரில் நாளடைவில் துத்தநாகத்தை இழந்து பொடிந்துவிடும்.

பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்தபின் 80, 120, 220 எண் என்று வரிசையாக உப்புத்தாள் போடுங்கள், மரத்தின் இழையோட்டத்தின் போக்கிலேயே. இரும்பு நாரால் தேய்த்தால் துணுக்கு மரத்தில் தங்கித் துருவாகும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் கோட் அடிக்காவிட்டால் வார்னிஷ் சரியாக ஒட்டாது. வெயிலைத் தாங்கும் படகு வார்னிஷைப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து முதல் கோட். பிறகு டர்பன்டைனைக் குறைத்துக்கொண்டே ஆறேழு கோட். ஒவ்வொன்றும் காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது. மெலமின் இறுகிய கண்ணாடிப் படலம். மரம் உப்பிச் சுருங்கும்போது வெடித்துவிடும்.

சென்னையில் இதற்கு மாசி, பங்குனிதான் காலம். காலைப் பனி உலர்ந்தபின் தொடங்கி, பகலில் கடற்காற்று திரும்புமுன் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். திருவான்மியூர்க் காற்றில் வரும் உப்பும் ஈரமும் பளபளப்பை மங்கடித்துவிடும். ஐப்பசியில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

தண்ணீரில் இறக்குமுன் நிழலில் வைத்து, உள்ளே நனைத்த கோணிச்சாக்கைப் பரப்பி, இரண்டு மூன்று நாள் ஈரமாகவே வைத்திருங்கள். இறக்கியதும் கொஞ்சம் கசியும், பதறாதீர்கள்.

பராமரிப்பில் பலரும் தப்பாகப் பயப்படுவது உப்புத் தண்ணீருக்கு. மரத்தை உளுக்க வைப்பது பெரும்பாலும் உள்ளே தேங்குகிற மழைத் தண்ணீர்தான். அதனால் பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாமல், காற்றோட்டம் விட்டுக் கான்வாஸ் போடுங்கள். ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, உரிவதற்கு முன்பே, லேசாகத் தேய்த்து இரண்டு கோட் அடித்தால் மறுபடி அடிமரம்வரை சுரண்ட வேண்டியிருக்காது.