‘எங்கள் வயலில்’ என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: அட்லாண்டிக் கடலைத் துடுப்புப் போட்டுக் கடக்கிறார் ஒருவர். பனியில் தனியாகச் சறுக்குவண்டி இழுத்துத் தென்துருவம் போகிறார் இன்னொருவர். சகாரா பாலைவனத்தில் 250 கிலோமீட்டர் ஓடுகிறார்கள் சிலர். காசு கொழுத்தவர்களின் பொழுதுபோக்குதானே இதெல்லாம்? எங்கள் வயலில் நடவு நடும் பெண்கள் பொழுதுக்கும் குனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு யார் மெடல் மாட்டினார்கள்? இப்போது என் மகனும் 50 கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று விடியுமுன் கிளம்பிவிடுகிறான். இவனுக்கு என்ன சொல்வது?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மகன் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ‘காசு கொழுத்தவர்கள்’ என்றீர்களே, அதை எடுத்துக்கொள்வோம்.

காசு வேண்டும் என்பது சரிதான். தென்துருவப் பனியில் கால் வைக்கவே சிலி நாட்டின் புன்ட்டா அரீனஸ் போன்ற ஊரிலிருந்து தனி விமானம் பிடித்தாக வேண்டும். ஆனால் இந்த வேலையில் இறங்கியவர்கள் எல்லாரும் காசுக்காரர்கள் இல்லை. 1966-இல் ஜான் ரிட்ஜ்வே, சே பிளித் என்று இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினர் 20 அடி நீளத் திறந்த மரப்படகில் அமெரிக்கக் கரையிலிருந்து துடுப்புப் போட்டு, 92 நாளில் அயர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் கேப்டன், மற்றவர் சார்ஜன்ட். சம்பளக்காரர்கள். அதே ஆண்டு அதே கடலில் இறங்கிய ஜான்ஸ்டோன், ஹோர் என்ற இருவர் திரும்பவில்லை. கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? மன்னார்குடியில் பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று போனால் சாலை முடிகிற இடம் கோடியக்கரை. 1954-இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கிய மு. நவரத்தினசாமி, ஒரு நாளுக்கும் மேலாக நீந்தி வந்து ஏறியது அந்தக் கரையில்தான். அதே வல்வெட்டித்துறைக்காரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது அவர் உயிர் போயிற்று. இவர்களைப் பார்த்துக் கொழுப்பு என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா? கோடியக்கரைக்குப் போனால் கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்காமல் நான் வருவதில்லை. அலை பெரிதாக இருக்காது. கலங்கலான, ஆழம் குறைந்த கடல். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. தெரியாத கரையை நம்பி ஒருவர் கையை வீசி நீந்தியிருக்கிறார் என்பது ஒவ்வொரு தடவையும் என்னை உலுக்குகிறது.

ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் மோர்ப்பானை வைக்கிறோம். உள்ளங்காலில் கொப்புளத்தோடு எதற்கு நடக்கிறாய் என்று நாம் கேட்பதில்லை. தன் உடம்பு எதுவரை தாங்கும் என்று பார்க்கக் கிளம்புகிறவருக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம்.

இனி உங்கள் கேள்வியின் கனமான பகுதி.

போன புரட்டாசியில் நீடாமங்கலம் பக்கம் ஒரு நண்பரின் வயல் வரப்பில் நின்றிருந்தேன். சேடை ஓட்டிப் பரம்படித்த வயல். கணுக்காலுக்கு மேல் சேறு. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக, புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றி. இடது கையில் நாற்று முடி. வலது கை அதிலிருந்து நாலைந்து நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றுகிற வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். சாப்பாட்டுக்கு வரப்பேறிய அம்மா ஒருவரிடம் இடுப்பு வலிக்காதா என்று கேட்டேன். “குனிஞ்சே இருந்தா ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. நிமிர்ந்தாதான் தெரியும்” என்றார். தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டு காலை நீட்டினார். விரலிடுக்கு ஒவ்வொன்றும் வெளுத்து, வெடித்து, சேற்றுப்புண். மருதாணி அரைத்து அப்பிய சிவப்பு, அதன் மேல் அன்றைய சேறு.

கடலில் வாரக்கணக்கில் துடுப்புப் போடுகிறவர்களுக்கும் ஈரத்தில் ஊறி ஊறிக் கால் இப்படித்தான் வெளுத்துப் புண்ணாகும். உடம்பு படும் பாட்டில் அந்த அம்மா யாருக்கும் குறைந்தவர் இல்லை. அந்த மட்டில் நீங்கள் சொன்னது நியாயம். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. படகுக்காரரிடம் சாட்டிலைட் போன் உண்டு. முடியவில்லை என்றால் கூப்பிடலாம், நிறுத்திக்கொள்ளலாம். அந்த அம்மா பாதியில் நிறுத்தினால் கூலி போகும். அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்பதும் நிச்சயமில்லை.

போன் இருந்தாலும் நிறுத்துவது லேசான காரியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1909 ஜனவரியில் ஷாக்கில்டன் என்ற பிரிட்டிஷ் துருவப் பயணி தென்துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. சாப்பாடு போதாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பினார். கூட வந்த மூவரும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள். அவர் மேல் பக்தியே வைத்திருந்த ஹென்றி வொர்ஸ்லி என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, காயமடைந்த சிப்பாய்களுக்கு நிதி திரட்ட, 2015-இன் கடைசியில் தென்துருவம் இருக்கிற அண்டார்டிகா கண்டத்தைத் தனியாகக் குறுக்கே கடக்கக் கிளம்பினார். துருவத்தையும் தாண்டி 71 நாள், 1,400 கிலோமீட்டருக்கு மேல். இன்னும் 50 கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில்தான் உதவி கேட்டார். விமானம் வந்து தூக்கிப்போனது. வயிற்றுக்குள் கிருமித்தொற்று முற்றியிருந்தது. 2016 ஜனவரி 24 அன்று இறந்தார். சில நாள் முன்னால் கூப்பிட்டிருக்கலாமே என்று அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஓடுகிறவரையும் உழைக்கிறவரையும் நீங்கள் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்து மலையில் 100 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். நடுமலையில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைபனிக் காற்றும் அடித்தன. ஓடியவர்கள் மேல் மெல்லிய பனியனும் அரைக்கால் சட்டையும்தான். குளிர்க்காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயம் என்று போட்டி நடத்தியவர்கள் விதிக்கவில்லை. 21 பேர் இறந்துபோனார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், மழைக்கு ஒதுங்கவென்று ஒரு குகையில் போர்வையும் விறகும் சேர்த்து வைத்திருந்தார். ஓட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் குகைக்குள் கூட்டிவந்து தீ மூட்டினார், கை கால் தேய்த்துவிட்டார். வெளியே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று கேட்டு, அந்தக் காற்றில் மறுபடியும் இறங்கிப் போய் அவரையும் கொண்டுவந்தார். ஆறு உயிர். எனக்கு அந்த மலையில் பெரிய வீரர் அவர்தான். ஆனால் தன் குகைக்கு வந்தவர்களிடம் உங்களுக்கு இது தேவையா என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஓடுகிறவர்களால் மற்றவர்களுக்கு என்ன லாபம் என்றும் கேட்பீர்கள். 2015-இல் அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காக மாதக்கணக்கில் ஓடிக் கடந்தவர்களை விஞ்ஞானிகள் கூடவே போய் அளந்தார்கள். வாரத்துக்கு ஆறு மாரத்தான் ஓடியவர்கள். 2019-இல் முடிவு வெளியானது. சும்மா படுத்திருக்கும்போது உடம்புக்குச் செலவாகும் சக்தியைப் போல இரண்டரை மடங்குவரைதான் மனிதன் நீண்ட நாள் தாங்குவான். அதற்கு மேல் செலவழித்தால் தின்கிற சோறு ஈடுகட்டாது, உடம்பு தன்னையே கரைக்கத் தொடங்கும். ஆசைப்பட்டு ஓடினவர்களால் கிடைத்த அளவுகோல் இது. நடவு வயலிலும் கரும்பு வெட்டும் கொல்லையிலும் இதைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்கலாம்.

சரி, உங்கள் கடிதத்தின் இரண்டு சொல்லுக்கு வருகிறேன். ‘நடவு நடும் பெண்கள்’ என்பதற்கு முன்னால் ‘எங்கள் வயலில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்று என்னைக் கேட்பானேன்? எத்தனை மணிக்கு இறங்குவது, எப்போது கரையேறுவது, என்ன கூலி என்பதெல்லாம் நீங்கள் பேசுகிற பேச்சு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். உயிரோடு இருக்கிறபோது நிழல் யார் தருவது? உங்கள் வரப்பில் ஒரு கீற்றுக்கொட்டகை போட நாலு மூங்கில் போதும். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி உட்கார்ந்தால் கூலியில் கை வைக்க மாட்டேன், அடுத்த நாளும் கூப்பிடுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். படகுக்காரருக்குக் கிடைத்த அந்தப் போன் அவர்களுக்கும் கிடைத்தது போல ஆகும்.

மகன் ஓடட்டும். தடுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் பகல் ஓட்டம் மட்டும் கூடாது. நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கவும் கூடாது. 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 100-க்கு 13 பேருக்குச் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது; அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்துக்கு மட்டும் குடிக்கச் சொல்லுங்கள். நம் வீட்டில் உப்புப் போட்ட நீராகாரம் இருக்கிறது. எந்த இடத்தில் தலை சுற்றினாலும், குமட்டினாலும் நின்று உங்களுக்கு போன் செய்வேன் என்று கிளம்புமுன் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். போன் வந்தால் திட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.

கொட்டகைக்குக் கால் நடும்போது அவனையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சம்பா நடவு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.