பெட்ரோல் பம்புப் பக்கத்தில் கரண்டு வேலையா? சுங்கை சிப்புட் அம்மாவுக்குப் பதில்

அம்மா, உங்கள் மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு டவுன் எண்ணெய் நிலையத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறான். பம்பு ரிப்பேருக்கு வந்தவர்களைப் பார்த்ததிலிருந்து தானும் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பெட்ரோலும் கரண்டும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் நியாயம்தான். ஆனால் நீங்கள் பயப்படும் ஆபத்தை ஏற்கெனவே அளந்து, வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமும் கேபிள் குழியும் எங்கே என்று தேடிப்போகும். காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும்.

அதனால்தான் இடத்தை ஆபத்தின் அளவுக்கு ஏற்ப ஸோன் (மண்டலம்) 0, 1, 2 என்று பிரிக்கிறார்கள். ஆவி எப்போதும் இருக்கும் தொட்டியின் உட்பகுதி ஸோன் 0. வழக்கமான வேலையிலேயே அவ்வப்போது ஆவி வரக்கூடிய இடம் ஸோன் 1. பம்புக் கூட்டுக்குள் எண்ணெய்க் குழாய்கள் இருக்கும் பகுதி பெரும்பாலும் இதில் வரும். எப்போதாவது வந்து சீக்கிரம் கலைந்துவிடும் இடம் ஸோன் 2. அமெரிக்க விதிமுறை இதே ஆபத்தை வேறு பெயரில் வகைப்படுத்தினாலும் அளவைத் தெளிவாகச் சொல்கிறது: பம்பைச் சுற்றி 18 அங்குலம், அப்புறம் தரையிலிருந்து 18 அங்குல உயரம்வரை, பக்கவாட்டில் 20 அடி. முழங்கால் உயரத்துக்குள் பரந்து கிடக்கும் பகுதி அது. மலேசியா பின்பற்றுவது ஐ.இ.சி. என்ற அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60079 தரநிலைத் தொடர். ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய வரைபடத்தைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

ஸோன் 1, 2 இடங்களில் மின்கருவிகளை உள்ளே வைத்து மாட்டும் ஒரு வகை உலோகப் பெட்டியைப் பற்றிச் சொன்னால் வேலையின் தரம் உங்களுக்குப் புரியும். ஆவி உள்ளே புகாமல் தடுக்கும் பெட்டி என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை. ஆவி உள்ளே போகலாம், உள்ளே வெடிக்கவும் செய்யலாம். பெட்டி அதைத் தாங்கும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு வழியாக வெளியேறும் சூடான வாயு, வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். இதில் ஒரு போல்ட் குறைந்தாலும், அந்த இடுக்கு முகத்தில் கீறல் விழுந்தாலும், கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் பொருந்தாத கிளாண்ட் (இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) போட்டாலும் பாதுகாப்பு போச்சு. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக மூடியிருப்பது போலவே இருக்கும்! "ஒரு போல்ட்தானே, அப்புறம் போட்டுக்கலாம்" என்கிற ஆளுக்கு இது சரிப்படாது. உங்கள் பையன் சைக்கிளைக் கழற்றினால் எல்லா நட்டையும் திரும்பப் போடுகிறானா? நீங்களே பாருங்கள்.

இப்போது படிப்பு. இந்த ஸோன்களில் வேலை செய்வதற்கான சிறப்புப் பயிற்சியில் நேரடியாகச் சேர்க்க வேண்டாம். கோம்பெக்ஸ் (CompEx) போன்ற சான்றிதழ்கள் ஏற்கெனவே மின்வேலை தெரிந்தவர்களுக்கானவை. பள்ளி முடித்த கையோடு பிள்ளையைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்டால், கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். முதலில் மின்துறையில் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ், மூன்றாம் நிலை வரை. ஈப்போவிலேயே ஐ.எல்.பி. என்ற அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, நல்ல தேர்ச்சி என்றால் உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கும் முயலலாம். தனியார் கல்லூரி என்றால் ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் உண்டா, பி.டி.பி.கே. (திறன் மேம்பாட்டு நிதிக் கழகம்) கடன் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதன்பின் சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ். சில வருட அனுபவத்துக்குப் பிறகுதான் ஸோன் பயிற்சி. அது கையில் இருந்தால் எண்ணெய் நிலையத்தோடு நிற்க வேண்டியதில்லை; போர்ட்டிக்சன், கெர்த்தே, பெங்கெராங் எண்ணெய் ஆலைகளிலும் இதே அறிவுதான் கேட்பார்கள்.

இன்னொன்று, உங்கள் மன நிம்மதிக்கு. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி முதலாளியிடம் சொல்லலாம்; முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகலாம். முதல் நாளே பையனுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

பம்பு வேலையை இப்போதே விடச் சொல்லாதீர்கள். ஆனால் கையில் காசு புரள ஆரம்பித்தால் விண்ணப்பத் தேதி மறந்துபோகும், பல வீடுகளில் பார்க்கிறேன். தேதியை நீங்கள் குறித்து வையுங்கள். அதற்கும் முன்னால் கிளினிக்கில் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள். பல மின்துறைப் படிப்புகளில் அது சேர்க்கை நிபந்தனை. அதில் சிக்கல் வந்தால் எனக்கு எழுதுங்கள், வேறு துறை பார்ப்போம்.