பக்கவாதமும் அக்குபங்சரும்: டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், பக்கவாதம் வந்ததும் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் ஆள் பிழைத்துவிடுவார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: இல்லை. இது எத்தனை முறை சொன்னாலும் சாகாத புரளி. மூளையில் அடைத்த ரத்தக்கட்டி விரலில் குத்துவதால் கரையாது. கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவாக இருந்தால் அதே மருந்து உயிருக்கே ஆபத்து. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகியும் அப்பாவுக்கு வலது கை வரவில்லை. அக்குபங்சர் செய்தால் வருமா?

பதில்: "கண்டிப்பாக வரும்" என்று அடித்துச் சொல்பவரிடம் போகாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, சில பலன்கள் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்றது. முதல் சில மாதங்களில் உடல் தானாகவும் தேறும். அந்த நேரத்தில் ஊசி போட்டால் நல்ல பெயர் ஊசிக்குப் போய்விடும்! தோள்வலிக்கும் தசை இறுக்கத்துக்கும் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. வலி குறைந்தால் பிசியோதெரபியில் ஒத்துழைப்பார். அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அக்குபங்சர் ஊசி குத்தலாமா?

பதில்: ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு, கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் குத்தலாம். ஆழமாக வேண்டாம், கொஞ்சம் கன்றிப்போகும். மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் இருக்கிறதே?

பதில்: ஊசியில் மின்சாரம் பாய்ச்ச வேண்டாம். அப்புறம், உணர்ச்சி மரத்த பக்கத்தில் மோக்சா சூடும் (மூலிகையைக் கொளுத்தித் தோலருகே காட்டுவது) வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது.

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு மோயாமோயா நோய். தலைவலிக்கு அக்குபங்சர் சரியா?

பதில்: இந்த நோயில் மூளைக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லக் குறுகும். குழந்தை பயந்து தேம்பி அழுது வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். அப்போது கைகால் சற்று நேரம் செயலிழக்கக்கூடும். ஊசியைப் பார்த்தாலே அழும் பிள்ளை என்றால், வேண்டவே வேண்டாம் அம்மா. குறுகிய குழாயை ஊசி விரிக்காது. ரத்த ஓட்டத்தைக் கூட்ட பைபாஸ் அறுவை சிகிச்சை இருக்கிறது. தலைவலி கூடினால் மூளை நரம்பியல் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.