வரைபடத்துக்கு முன் இடம்

தங்கள் தோட்டத்தில் சிற்பம் அமைக்க அழைத்த கலைஞர், சில நாள் அங்கே தங்கிப் பார்க்காமல் வரைபடமோ விலையோ தர மறுக்கிறார் என்றும், இது தட்டிக்கழிப்போ என ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பது முற்றிலும் முறையானது.

இத்தாலியில் பிஸ்டோயாவுக்கு அருகே, கலைச் சேகரிப்பாளர் ஜூலியானோ கோரி தம் செல்லே பண்ணையில் இதையே நடைமுறையாக்கினார். கலைஞர்களை விருந்தினராக அழைத்து, பூங்காவைச் சுற்றிப் பார்க்கச் செய்து, அவர்கள் தெரிவு செய்த இடத்துக்கென்றே படைப்பை உருவாக்கச் சொன்னார். 1982இல் அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மாரிஸ் அங்கே எழுப்பிய முக்கோணப் புதிர்ப்பாதை, பச்சையும் வெள்ளையுமான கல்வரிகளோடு நிலத்தின் சரிவிலேயே இறங்குகிறது. சமதளத்தில் அதற்குப் பாதி உயிர்கூட இராது என்பது என் உறுதியான எண்ணம். போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச்சின் 33 வெண்கல உருவங்களும் அங்கே திறந்த புல்வெளியில்தான் நிற்கின்றன.

ஆகவே ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரியுங்கள். பயணம், தங்கல், வரைபடம், சிறு மாதிரி ஆகியவற்றுக்கு முதலில் ஒரு தொகை பேசி முடியுங்கள். பணி கைகூடாவிட்டாலும் அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். கல், அடித்தளம், பராமரிப்பு எல்லாம் இரண்டாவதில் வரட்டும். கிரேன் நுழையக்கூடிய வழியை மட்டும் முதல் நாளே அவருக்குக் காட்டிவிடுங்கள், ஏனெனில் கல்லின் அளவைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கும்.